நாலாவது தண்டு

சிவமயம்

சுதுமலை,
22.02.1994

அன்புள்ள மகன் தவநேசனுக்கு ஐயா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை, அப்படியே வைத்துக்கொள். நீயும் உன் மனைவி ஸ்ரெல்லாவும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் கோயில் அம்மாளை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் சுகமாக இருப்பதை நீ எழுதி நான் அறியவில்லை, உன் மாமியார் சிசிலியா சொல்லித்தான் அறிந்தேன். பிள்ளை பிறந்ததையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். பெண் பிள்ளை, ஏழு இறாத்தல், தலை நிறைய மயிர் என்று அவர் கொழும்புக்குப் போய் மகளோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்து எங்கள் படலையில் நின்று சொன்னபோது நான் மண்வெட்டியும் கையுமாக நின்று கேட்டேன். புரட்டாசியில் பிறந்த பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம். இந்த ஐந்து மாதத்தில் நீ ஒரு வரி எழுதவில்லை. தபால் ஒழுங்காக வருவதில்லை என்று உனக்காக நானே சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பக்கத்து வளவுப் பொன்னம்பலத்தாருக்கு ஜேர்மனியிலிருந்து மகன் எழுதுகிற கடிதம் நாள் பிந்தினாலும் வந்து சேருகிறது. அந்த மனிதர் அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குக் கேட்கும்படி உரத்து வாசிக்கிறார்.

நீ ஏன் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். போன வருடம் பங்குனியில் நீ அனுப்பிய கடிதம் என் றங்குப் பெட்டியில் இருக்கிறது. ஐயாவின் சொல் எனக்கு வேண்டாம், அம்மாவின் மனம்தான் வேண்டும் என்று தொடங்கியிருந்தாய். இத்துடன் வருகிற பூ வெங்காயத்தை நடுங்கள், மற்றப் பூவெல்லாம் ஓய்ந்த பிறகு புரட்டாசியளவில்தான் அது பூக்கும், எங்கள் பிள்ளையும் அந்த நேரம்தான் பிறக்கும், பூத்ததும் அம்மா தன் கையால் ஒரு பூவைப் பறித்துக் காயவைத்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினால் எங்களை ஏற்றுக்கொண்டார் என்று எடுப்பேன், பூ வராவிட்டால் இனி எழுதித் தொந்தரவு தரமாட்டேன் என்று முடித்திருந்தாய். பெற்ற தாய்க்கு மகன் போட்ட நிபந்தனை. புரட்டாசி போயிற்று, பூ வரவில்லை, நீயும் சொன்ன சொல்லில் நின்றுவிட்டாய். வேறு எதில் இல்லாவிட்டாலும் ரோசத்தில் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாய். அந்தப் பூ ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபப்படுவதானால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் என் பங்குக் குற்றத்தை எழுதிவிடுகிறேன். நீ ஒல்லாந்தில் கலியாணம் முடித்த செய்தி எனக்குத் திருநெல்வேலிச் சந்தையில் கிடைத்தது. வெங்காயக் கட்டைத் தராசில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், யாரோ ஒருவர் வந்து, மகனுக்குக் குருநகர்ப் பகுதியில் சம்பந்தமாமே, சந்தோசம் என்று என் கையைப் பிடித்தார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கே உனக்கு எழுதினேன், எனக்கு மகன் என்று ஒருவன் இல்லை, அந்த ஒரே வரி. அம்மாவுக்குக் காட்டவில்லை, அவளைக் கேட்கவும் இல்லை. சுதுமலையிலிருந்து குருநகர் ஐந்து மைல் இருக்குமா? சைக்கிளில் போகிற அந்தத் தூரத்தை நீ ஒல்லாந்து வரைக்கும் பறந்து போய்ச் சுற்றிப் பிடித்தாய் என்று எனக்கு எரிந்தது. அவர்கள் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர், கடற்கரைச் சனம், நாங்கள் தோட்டக்காரர், எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்றும் எரிந்தது. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். மூன்றாவதாகவும் ஒன்று எரிந்தது. வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து உன் முதுகு வளையக் கூடாது என்றுதான் உன்னை அனுப்பினோம். நீ அங்கே போய்ச் சேர்ந்த வேலையும் வெங்காயத் தோட்டத்தில். அதுவும் தின்கிற வெங்காயம் இல்லை, பூத்தால் பார்த்துக்கொண்டு நிற்கிற வெங்காயம்.

உன் கடிதத்தையும் வெங்காயப் பொட்டலத்தையும் சிசிலியாதான் கொழும்பிலிருந்து கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டிக் கொண்டுவந்தார். சண்டையால் குருநகரில் இருக்க முடியாமல் இடம்பெயர்ந்து மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிற மனுசி, அங்கிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். நாங்கள் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. படலையில் வைத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டோம். அவர் போன பிறகு உன் கடிதத்தை நான் அம்மாவுக்கு வாசித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "எனக்கு உந்தப் பூவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கொண்டுபோய் எங்கையெண்டாலும் எறியுங்கோ" என்றாள். பொட்டலத்தைப் பிரித்தேன். பதினொரு குமிழ், எங்கள் வெங்காயத்தைவிட ஒடுங்கல், வெளிறல், நாலைந்தில் பச்சையாக முளை கண்டிருந்தது. யூரியாவும் மண்ணெண்ணெயும் வராத ஊருக்குப் பூ வெங்காயம் அனுப்பியிருக்கிறான் பார் என்று உன்னைத் திட்டினேன். ஆனாலும் முளை கண்டதை எறிய எனக்குக் கை வராது, அது உனக்குத் தெரியும். கிணற்றடியில் வாய்க்கால் திரும்புகிற இடத்தில் ஒரு முழ நீளப் பாத்தி கொத்தி நட்டுவிட்டேன். உனக்காக நடவில்லை.

சித்திரை, வைகாசி, ஆனி என்று மாதங்கள் போயின, அது ஓலை மட்டும் விட்டது. பம்ப் இறைக்க எண்ணெய் இல்லாமல் நான் மறுபடியும் துலாவில் இறைக்கிறேன், அறுபத்திரண்டு வயதில். தோட்டத்துக்குப் போகிற தண்ணீர் அந்தத் திருப்பத்தில் அதன் காலையும் நனைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான் நான் செய்தது. பொன்னம்பலத்தார் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்து, "உது என்ன முத்துக்குமாரண்ணை, புல்லுக்கே தண்ணி கட்டுறியள்?" என்று கேட்டார். ஒல்லாந்துப் புல் என்று சொல்லிவைத்தேன். புரட்டாசி வந்தது. நான் பார்க்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன், ஒவ்வொரு நாளும் பார்த்தேன். ஒரு மொட்டுக் கூட இல்லை. ஐப்பசியில் ஓலை மஞ்சளாகிப் படுத்தது. நல்லது, வந்த சனியன் போகிறது என்று சொல்லிவிட்டு நான் அதை மறந்துபோனேன். கார்த்திகை மழையில் அந்தப் பாத்திக்கு மேல் இரண்டு தென்னோலைக் கிடுகு சரித்து வைத்திருந்ததைக் கண்டேன். கோழி கிளறாமல் அம்மா மூடியிருக்கிறாள் ஆக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த மழையில் ஏழு குமிழ் அழுகிப்போயிற்று, நாலு தப்பியது.

இனி எழுதப்போவதை நீ நம்ப வேண்டும். தோட்டத்து வெங்காயத்துக்குத் தை மாதக் குளிரில் பூத்தண்டு எறியும், விட்டால் கிழங்கு சிறுத்துப் போகும் என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, பள்ளிக்கூடம் போகுமுன் உன்னையும் கூட்டிக்கொண்டு போய் முறிப்பித்திருக்கிறேன். விடியக்காலையில் பனி காயுமுன் குனிந்து போனால் தண்டு டக்கென்று முறியும், முறித்ததைக் கடகத்தில் போட்டுக்கொண்டு வந்தால் அம்மா தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுப்பாள். தைப்பூசத்துக்கு அடுத்த நாளும் அப்படித்தான் முறித்துக்கொண்டு வந்தேன். கடைசி வரிசை முடிந்து குனிந்தபடியே வாய்க்கால் வழியாக வருகிறேன், கிணற்றடித் திருப்பத்தில் மூன்று தண்டு நிற்கிறது. கை போயிற்று. டக், டக், டக். கடகத்தில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். என்ன முறித்தேன் என்று எனக்குத் தெரியாது தம்பி. நாற்பது வருடமாக முறிக்கிற கை, அது என்னைக் கேட்டுக்கொண்டு முறிப்பதில்லை.

மத்தியானம் இருவரும் சாப்பிட இருந்தோம். வறை வழமையைவிட வாசமாக, உள்ளிப் பூண்டு போட்டதுபோல் இருந்தது. ருசியாகத்தான் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன், நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். அம்மா ஒரு வாய் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "இது எங்கடை தோட்டத்துப் பூ இல்லை. எங்கையிருந்து முறிச்சனீங்கள்?" என்று கேட்டாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் எச்சில் கையோடு எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினாள். நான் பின்னால் போனபோது பாத்திக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அந்த மூன்று கட்டைகளையும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நீ அம்மாவின் கையால் கேட்ட பூவை அவள் தன் கையாலேயே அரிந்து வறுத்திருக்கிறாள், நான் சோற்றோடு பிசைந்து தின்றிருக்கிறேன்.

நீ பிறந்த நாளிலிருந்து அன்றுவரை அவள் என்னோடு குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்குப் பொன்னம்பலத்தார் வேலிக்கு வந்து நிற்கும் அளவுக்குக் கத்தினாள். "வேணுமெண்டுதான் முறிச்சனீங்கள். தலை நிமிந்ததை எல்லாம் முறிக்கிற கை. பெடியனையும் ஒரு வரியிலை முறிச்சுப்போட்டு எனக்குக் காட்டக் கூட இல்லை. அந்த மனுசி சொல்லியெல்லோ எனக்குத் தெரியும்" என்றாள். மாரி முழுக்கக் கிடுகு போட்டு மூடியது யார் என்று நினைத்தீர்கள், அரிசி கழுவின தண்ணீரை ஒரு நாளும் தவறாமல் ஊற்றியது யார் என்று நினைத்தீர்கள் என்று கேட்டாள். பொம்மர் விமானம் சுற்றிய அன்று பங்கருக்குள் அவள் பிந்தி வந்ததற்குக் கூட நான் ஏசினேன், அன்றைக்கும் கிணற்றடியில்தான் நின்றிருக்கிறாள். வேண்டாம், எறியுங்கோ என்று நீதானே சொன்னாய் என்று கேட்டேன். "நான் வேணுமெண்டால் நீங்கள் எறிவியள். வேண்டாமெண்டால் நடுவியள். உங்களோடை முப்பத்தைஞ்சு வருசம் சீவிச்ச எனக்கு இது தெரியாதே" என்றாள். அவள் சொன்னது சரி.

அதன் பிறகு இன்றைக்கு இருபத்தைந்து நாளாக அவள் என்னோடு கதைக்கவில்லை. கேட்க வேண்டியதையும் சொல்ல வேண்டியதையும் மாட்டுக்குச் சொல்லுவாள். சோறு போட்டாச்சு, திண்டால் தின்னட்டாம் என்று மாட்டைப் பார்த்துச் சொல்லுவாள், நான் போய்த் தின்பேன். சிரிப்பாயோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டுமென்று முறிக்கவில்லை என்று அம்மாள் கோயில் வாசலில் வந்து சத்தியம் பண்ணுகிறேன் என்றும் சொன்னேன், அதற்கும் மாட்டுக்குத்தான் ஏதோ சொன்னாள். நானும் நினைத்துப் பார்க்கிறேன் தம்பி. உனக்கு அந்த ஒரு வரியை எழுதியபோதும் எனக்குத் தெரியாமல்தான் கை போனதா? இல்லை. அதைத் தெரிந்துதான் எழுதினேன். முத்திரையை நாக்கில் நனைத்து ஒட்டித் தபாற்கந்தோர்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் தெரியாமல் செய்ததையும் அவள் நம்ப மறுக்கிறாள், நியாயம்தான்.

மாசி பிறந்த பிறகு நாலாவது குமிழும் தண்டு விட்டது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை, அம்மா அதைச் சுற்றிக் கம்பு நாலு ஊன்றிப் பனையோலை கட்டி வேலி வைத்ததைக் கண்டுதான் அறிந்தேன். வேலி கோழிக்காக இல்லை, எனக்காக. நானும் என் கையை நம்பாமல் பொன்னம்பலத்தாரின் வளவால் சுற்றித் தோட்டத்துக்குப் போய்வருகிறேன். அவர் காரணம் கேட்டார், முழங்கால் குத்துகிறது, மேட்டுப் பக்கம் நடக்க லேசு என்று சொல்லிவைத்தேன்.

நேற்று சிசிலியா வந்தார். கொழும்புக்குப் போகப் பாஸ் கிடைத்திருக்கிறதாம், நாளை கிளாலிக்குப் போகிறாராம், கடிதம் இருந்தால் தாருங்கோ, அங்கே போய்த் தபாலில் போடுகிறேன் என்று வழமைபோல் படலையிலேயே நின்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து படலையைத் திறந்து, உள்ளே வாருங்கோ என்றாள். கதிரை போட்டாள், நாங்கள் குடிக்கிற பேணியிலேயே கோப்பி கொடுத்தாள். பிறகு கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓலையை விலக்கிக் காட்டினாள். மொட்டின் தோல் வெடித்து அரைவாசி விரிந்திருந்தது. சிசிலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உன் நிபந்தனை அவருக்கும் தெரியும்தானே. "அக்கா, ஒரு பூவை ஆய்ஞ்சு தாருங்கோ. என்ரை செபப் புத்தகத்துக்குள்ளை வைச்சுக் கசங்காமல் கொண்டு போறன். அதுகள் அங்கை பாத்துக்கொண்டிருக்குதுகள்" என்றார். நான் கிணற்றின் மறுபக்கம் துலாவைப் பிடித்தபடி நிற்கிறேன். பறித்துக் கொடுத்துவிடுவாள், இந்தப் பாடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா விலக்கிய ஓலையைத் திரும்பச் சாத்தினாள். பிறகு, "முறிச்சது காணும், போதும். இது செடியிலை நிக்கட்டும். மூண்டு பேரையும் வந்து பாக்கச் சொல்லுங்கோ" என்றாள். சிசிலியா பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார், அம்மா அவரின் கையைப் பிடித்து நிறுத்தி, வேண்டாம், அவன் எழுதட்டும் என்றாள். இரவல் வாயால் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது. வந்து பார் என்கிறாள், பாதை இல்லாத ஊருக்கு, கைக்குழந்தையோடு வள்ளத்தில் ஏறி எப்படி வருவீர்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். நீ அவளுக்கு ஒரு நிபந்தனை போட்டாய், அவள் உனக்கு ஒன்று போட்டிருக்கிறாள். நடுவில் நின்று நான் என்ன செய்வது?

இன்று விடிய, அவள் மாட்டுக்கு வைக்கோல் போடப் போன நேரம் பார்த்து நான் கிணற்றடிப் பாத்திக்குப் போனேன். இருபத்தைந்து நாளைக்குப் பிறகு அதற்குக் கிட்டப் போகிறேன். ஓலையை விலக்கினால் முழுவதும் விரிந்து நிற்கிறது. ஒரு தண்டின் தலையில் முப்பது நாற்பது வெள்ளைப் பூ, ஒவ்வொன்றும் அரிசிப் பொரி அளவு, தேனீ கூட ஒன்று வந்திருந்தது. நாற்பது வருடம் வெங்காயம் செய்த நான் ஒரு வெங்காயம் விரிந்து பூத்ததைப் பார்த்ததில்லை தம்பி. மொட்டிலேயே முறித்துவிடுவேன், பிறகு எப்படிப் பார்க்கிறது? இது இவ்வளவு வடிவாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. இதைத்தான் நீ அங்கே ஒவ்வொரு நாளும் பார்க்கிறாய் என்றால், உன் வேலையைப் பற்றி நான் எழுதியதில் பாதியை வெட்டிவிடு. ஒன்றைக் கிள்ளி எடுத்து அம்மாவுக்குத் தெரியாமல் இதற்குள் வைத்தால் உன் மனம் ஆறும், நீயும் எழுதுவாய் என்று நினைத்தேன். கை தண்டுவரைக்கும் போயிற்று. இம்முறை நான் அதைக் கண்டேன், இழுத்துக்கொண்டேன். அவளின் கையால் கேட்டாய், நான் முறித்ததை அவளுடையது என்று அனுப்பினால் அது இன்னொரு பொய்.

ஆகவே இந்தக் கடிதத்துக்குள் பூ இல்லை. உறையை உதறிப் பார்க்காதே. பூ இல்லாததற்கு அம்மா உங்களை வேண்டாம் என்றாள் என்று அர்த்தம் எடுக்காதே. வேண்டாம் என்றவன் நான், அந்த ஒரு வரியில். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று இந்த ஒரு வரியும் எழுதிவிட்டேன்.

பிள்ளைக்குக் குளிர் படாமல் காதை மூடி வையுங்கள். உனக்குச் சின்ன வயதில் மாரி முழுக்க இழுப்பு இருந்தது, பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கிறதா என்று பார்த்துக்கொள். ஸ்ரெல்லாவை உடம்பு தேறும்வரை குனிந்து வேலை செய்ய விடாதே, தோட்டவேலை முதுகைக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். மூவருக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உண்டு, அம்மாவின் பங்கை அவளைக் கேட்காமலே எழுதுகிறேன், இந்த ஒன்றில் பிழைக்க மாட்டேன். பூ இன்னும் பத்து நாளைக்கு நிற்குமோ தெரியாது. நீ பதில் எழுதினால் என் பெயருக்கு எழுதாதே, மீனாம்பிகை முத்துக்குமாரு என்று அம்மாவின் பெயருக்கு எழுது. மறக்காமல் பிள்ளையின் பெயரை எழுது. இந்த வீட்டில் அது இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
உன் ஐயா,
க. முத்துக்குமாரு